மங்களம் மோர்மிளகாய்

29 டிசம்பர் 2020, செவ்வாய்

கோயிலில் தந்த புது நாட்குறிப்பில் டிசம்பர் கடைசி வாரத்துக்கும் பக்கம் விட்டிருக்கிறார்கள். வெறுமையாக விடுவானேன் என்று இன்றே தொடங்குகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ராகுகாலம், கீழே நகைக்கடை விளம்பரம். அது இலங்கை நேரத்து ராகுகாலமா லண்டன் நேரத்து ராகுகாலமா என்று ஐயருக்கே தெரியாது.

என் புதுப் பாஸ்போட் தபாலில் வந்தது. நீல நிறம். பழையதன் அட்டையில் ஐரோப்பிய ஒன்றியம் என்று மேலே இருந்தது, இதில் இல்லை. இவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர் என்றால் என் கணவர் தில்லையம்பலம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது செய்தி பார்ப்பதுதான் தொழில்.

"நிறம் நல்லாத்தான் கிடக்கு. இதை வைச்சுக்கொண்டு எங்கை போகப் போறாய்?"

"போறதுக்கு இல்லை, இருக்கிறதுக்கு," என்றேன்.

"இருக்கிறதுக்கு ஒருத்தரும் உன்னட்டைப் பாஸ்போட் கேக்கேல்லையே."

பதில் சொல்ல நேரமில்லை. உழுந்து ஊறிவிட்டது.

4 ஜனவரி 2021, திங்கள்

நாடு ஐரோப்பாவை விட்டு முழுதாக வெளியே வந்த பிறகு இன்றுதான் முதல் வேலை நாள். வானம் இடிந்து விழவில்லை. பஸ் வழக்கம் போலப் பிந்தித்தான் வந்தது.

குரொய்டனில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை அத்தானுடையது. அத்தான் என் அக்காவின் கணவர், பெயர் குலவீரசிங்கம், பெயரில் உள்ள வீரம் பேச்சிலும் உண்டு. நான் உற்பத்திக்குப் பொறுப்பு. என் கீழ் பெண்கள் நீள மேசையின் இரண்டு பக்கமும் நின்று ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்றுவார்கள். பாதி லண்டன் கடைகளுக்கு, பாதி கடல் கடந்து பாரிசுக்கும் ஜெர்மனிக்கும் ஹொலண்டுக்கும் போகும். அங்கேயுள்ள தமிழர் வீட்டில் பூப்புனித நீராட்டு விழா என்றால் எங்கள் ரோல்ஸ் இல்லாமல் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க மாட்டார்கள்.

இனிமேல் இறைச்சி அந்தப் பக்கம் போவதற்கு ஒவ்வொரு தடவையும் மிருக வைத்தியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கேட்கிற காசுக்கு ரோல்ஸை விமானத்தில் முதல் வகுப்பில் அனுப்பலாம்.

"ஆடு செத்து, வெந்து, ரோல்ஸுக்குள்ளை போன பிறகு மிருக வைத்தியர் என்னத்தைப் பாக்கப் போறார்?" என்று அத்தான் கேட்டார்.

"விதி அப்பிடித்தான் அண்ணை," என்றாள் சுகிர்தா.

சுகிர்தாவைப் பற்றி எழுத வேண்டும். ஹொலண்ட் பாஸ்போட்காரி. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று அங்கேயுள்ள பிரேடா நகரத்திலிருந்து சில வருடங்களுக்கு முன் வந்தாள். இப்படி வந்த தமிழர் இங்கே ஏராளம். நாங்கள் அகதியாக வந்து, வழக்காடி, வரிசையில் நின்று எடுத்ததை அவர்கள் ஒரு கப்பல் சீட்டில் எடுத்துக்கொண்டார்கள். வந்த கையோடு பள்ளிக்கூடத்தில் இடம், வீட்டு வாடகைக்கு உதவி. எனக்கு எரிச்சல் ஒன்றுமில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

மேசையில் வேலை முடிந்ததும் ஒப்பீஸில் இருந்து ஐரோப்பியக் கடதாசி வேலைகளையும் அவள்தான் கணினியில் செய்கிறாள். கெட்டிக்காரிதான்.

14 ஜனவரி, வியாழன்

வீட்டுக்குள்ளேயே பொங்கினேன். புகை அலாரம் கத்தியது.

லொறி ஓட்டும் ஜெயரூபன் வந்து சொன்ன கதை. ஹொலண்டில் கப்பலால் இறங்கியதும் அவனுடைய மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து பார்த்து, கோழிக்கறி என்றதும் பறித்துவிட்டார்கள். இங்கேயே நின்று உங்கள் முன்னாலேயே சாப்பிட்டு முடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். அதற்கும் விதியில் இடமில்லையாம்.

2 பெப்ரவரி, செவ்வாய்

ஒரு மாதமாக ஐரோப்பாவுக்கு ஒரு ரோல்ஸ் போகவில்லை. மேசையின் ஒரு பக்கத்தில் பெண்கள் சும்மா நிற்கிறார்கள். அத்தான் என்னை ஒப்பீஸுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாதிப் பேரை நிப்பாட்டத்தான் வேணும், மங்களம். பாதி மேசைக்கு ஒரு பொறுப்பாளர் எண்டு நானும் சம்பளம் குடுக்கேலாது. உமக்கும் முழங்கால் ஏலாது. வீட்டிலை ஆறுதலா இருக்கலாம்தானே."

நீர் என்று மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாக அறுத்தால் கழுத்து வலிக்காது என்று நினைக்கிறார்கள்.

வீட்டில் இருந்து என்ன செய்வது? இவரோடு சேர்ந்து செய்தி பார்ப்பதா? இந்த மேசையில் ஒரு ரோல்ஸைக் கையில் எடுத்தால் யார் சுற்றியது என்று சொல்வேன். ஊரில் மங்களம் என்றால் இன்னாருடைய மகள். இங்கே மங்களம் என்றால் மங்களம்தான். அதைக் கொடுத்துவிட்டு எதை வாங்குவது?

"இறைச்சிதானே போகாது அத்தான்? மரக்கறிச் சாமான் போகும். மோர்மிளகாய் செய்வம்," என்றேன்.

20 பெப்ரவரி, சனி

முதல் தொகுதி. நல்ல பிஞ்சு மிளகாயாகப் பார்த்துக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊற வைத்து, எடுத்து உலர்த்தி, மறுபடி ஊற வைத்து, மறுபடி உலர்த்தி. லண்டனில் வெயிலை நம்ப முடியாது என்பதால் அத்தான் உலர்த்தும் இயந்திரம் வாங்கினார். ஆனால் மோர் எவ்வளவு புளிக்க வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. நாக்கில் வைத்துப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியும் அடித்துவிட்டார்கள். சிவப்பு எழுத்தில் "மங்களம் மோர்மிளகாய்". பெயர் வைத்தது அத்தான். ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில், பாஸ்போட் இருக்கும் தட்டிலேயே வைத்திருக்கிறேன். சந்தோசமாக இருக்கிறது. இதை எழுதுவதில் என்ன வெட்கம்.

27 ஏப்ரல், செவ்வாய்

அந்தப் பக்கம் விதியை இன்னும் இறுக்கிவிட்டார்களாம். மரக்கறியோடு பாலோ முட்டையோ கலந்திருந்தால் அதற்கும் தனிக் கடதாசி. அடுத்த மாதம் முழு லொறி போகிறது. கோடைக்குக் கோயில் திருவிழாக்கள் தொடங்க முதல் கடைகளுக்குச் சாமான் சேர வேண்டும். மோர்மிளகாய், வடகம், மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் இடித்த ஒடியல்மா.

சுகிர்தா கடதாசியோடு மேசைக்கு வந்தாள். பெண்கள் எல்லாரும் நின்றார்கள்.

"அக்கா, விலங்கிலையிருந்து வந்த பொருள் ஏதும் இருக்கோ எண்டு கேட்டிருக்கு. மோர்மிளகாய்க்கு ஓம் எண்டு போடவேணும்."

"மிளகாய் எந்த விலங்கிலை காய்க்குது, பிள்ளை?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"மோர் பால்தானே அக்கா. பால் மாட்டிலையிருந்துதானே. ஓம் எண்டு போட்டால் இன்னொரு கடதாசி எடுக்கவேணும். ரெண்டு கிழமை பிந்தும். ஆனா பிரச்சினை வராது."

இரண்டு வாரம் பிந்தினால் அத்தான் மறுபடி கதவைச் சாத்திக் கதைப்பார். அதோடு, இது என்ன கேள்வி? விரதகாரர் மோர் குடிக்கிறார்கள். சுவாமிக்குப் பாலால் அபிஷேகம் செய்கிறோம். பாலையும் ஆட்டிறைச்சியையும் ஒரே கோட்டில் வைத்துக் கேட்கிறவனுக்கு இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

"நான் இல்லை எண்டு போட மாட்டன் அக்கா," என்றாள்.

உற்பத்திப் பொறுப்பாளர் கையெழுத்து என்று ஓர் இடம் இருந்தது. வாங்கி, இல்லை என்று எழுதி, கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன். பெரிய விசயமில்லை.

6 மே, வியாழன்

இன்று உள்ளூராட்சித் தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கட்சிக்காரர் ஒருவர் தொழிற்சாலைக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். இன்று பத்திரிகையில் வந்திருக்கிறது. தலையில் வலைத்தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் என் மோர்மிளகாய்ப் பெட்டி. உலகத்துக்கெல்லாம் விற்கும் பிரிட்டிஷ் பொருளாம்.

இதே மனிதர்தான் ஐரோப்பாவை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்புக்கு முதல் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்தவர். ஐரோப்பாக்காரர் வருவது நின்றால் உங்கள் ஊரிலிருந்து சமையல்காரர்களை எடுக்கலாம், உங்கள் சகோதரங்களுக்கு விசா இலகுவாகும் என்றார். அத்தான் மாலை போட்டார். நாங்கள் கை தட்டினோம். இன்றுவரை ஒரு சமையல்காரனும் வரவில்லை.

ஏற்றுமதிச் சிக்கல் பற்றி அத்தான் கேட்டதற்கு, இது குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரி, கொஞ்ச நாள் நோகும் என்று சொல்லிவிட்டு ஒரு ரோல்ஸைக் கடித்தார். வீட்டில் சொன்னேன்.

"எங்களுக்கு இருக்கிற பல்லும் எல்லோ விழுகுது," என்றார் இவர். "எல்லாம் அந்த வாக்கெடுப்பிலை நீ போட்ட புள்ளடி."

"நான் எதுக்குப் புள்ளடி போட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கென்ன, குரொய்டனுக்கே தெரியும்."

18 மே, செவ்வாய்

லொறியை மறித்துவிட்டார்கள்.

19 மே, புதன்

ஜெயரூபன் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னான். கடதாசியில் விலங்குப் பொருள் இல்லை என்று இருக்கிறது. பெட்டியைத் திருப்பினால் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் பால் என்று இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இந்த நாட்டுச் சட்டப்படி நாங்களே அடித்த எழுத்து. பார்த்த அதிகாரிக்கு இரண்டில் ஒன்று பொய். மோர்மிளகாயை மட்டுமல்ல, முழு லொறியையும் வைத்திருக்கிறார்கள்.

திருப்பிக் கொண்டுவரவும் பெரிய செலவு. அங்கேயே எரிக்கச் சொல்லி அத்தான் எழுதிக் கொடுத்தார்.

மிளகாய் எரிந்தால் நெடி எப்படி இருக்கும். அந்தத் துறைமுகமே இருமியிருக்கும். இருமட்டும்.

20 மே, வியாழன்

அத்தான் ஒப்பீஸுக்குக் கூப்பிட்டார். கையில் திரும்பி வந்த கடதாசி. மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஐரோப்பியக் கடதாசி வேலை ஆர் பாக்கிறது, மங்களம்?"

"சுகிர்தா," என்றேன்.

அது உண்மைதானே. அவர் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"சரி, நீர் போம்," என்றார்.

21 மே, வெள்ளி

சுகிர்தாவை நிறுத்திவிட்டார். தொப்பியையும் ஏப்ரனையும் கழுவி மடித்துக் கொண்டுவந்து தந்தாள். பெண்கள் குனிந்து வேலை செய்தார்கள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"போயிட்டு வாறன் அக்கா. அந்த ரெண்டாவது உலர்த்திக்குக் கதவு சரியாப் பூட்டுதில்லை, பாருங்கோ," என்றாள்.

போய்ப் பார்த்தேன். பூட்டவில்லைதான்.

மத்தியானம் சாப்பிட மனமில்லை. காலையில் இடித்த சம்பல் கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

30 ஜூன், புதன்

ஐரோப்பியப் பாஸ்போட்காரர் தொடர்ந்து இங்கே இருப்பதற்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள் என்று செய்தியில் சொன்னார்கள். சுகிர்தா அதை எப்போதோ முடித்துவிட்டாளாம். ஆனாலும் வேறு வேலை சரிவரவில்லை என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிரேடாவுக்கே போய்விட்டாள் என்று மேசையில் கதைத்தார்கள். மூத்தவள் அடுத்த வருடம் பெரிய சோதனை எழுத இருந்தவள்.

"இப்ப திருப்திதானே?" என்று கேட்டார் இவர்.

நான் அவருடைய கோப்பையைக் கழுவவில்லை. அப்படியே விட்டேன்.

16 ஓகஸ்ட், திங்கள்

அத்தான் எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார். பிரேடாவில் ஒரு தொழிற்சாலை வாடகைக்கு எடுத்துவிட்டார். ஐரோப்பாவுக்கான சாமானை இனி அங்கேயே செய்வது. எல்லைப் பிரச்சினை இல்லை, மிருக வைத்தியர் இல்லை. அங்கே வேலை செய்ய அந்தப் பக்கத்துப் பாஸ்போட் வேண்டும்.

அங்கே பொறுப்பாளர் சுகிர்தா.

அத்தானே போய்க் கேட்டாராம். எனக்கு அது பெண்கள் சொல்லித்தான் தெரியும்.

9 ஒக்டோபர், சனி

பிரேடாவுக்கு வந்து சேர்ந்தேன். இங்குள்ள பெண்களுக்கு மோர்மிளகாய் பழக்க வேண்டும். சுகிர்தாவுக்கு எல்லாம் தெரியும், மோர்ப் புளிப்பு மட்டும் பிடிபடவில்லையாம்.

"வேலைக்கு வந்தனான் எண்டு வாயே திறக்கப்படாது," என்று அத்தான் சொல்லி அனுப்பினார். "தங்கச்சி வீட்டுக்கு வந்தனான் எண்டு சொல்லும்." முப்பது வருடத்துக்கு முதல் என்னை இந்தக் கடலால் லொறியில் ஏற்றி அனுப்பிய ஏஜென்சிக்காரனும் வாய் திறக்கக்கூடாது என்றுதான் சொன்னான். அன்று பாஸ்போட்டே இல்லை.

கப்பலால் இறங்கியதும் இரண்டு வரிசை. என்னை லொறியில் கூட்டிவந்த ஜெயரூபனுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போட், அவன் பக்கத்து வரிசையால் போய் வெளியே ரீ குடித்துக்கொண்டிருந்தான். என் நீலப் பாஸ்போட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, யாரிடம் போகிறாய் என்று கேட்டார்கள்.

"தங்கச்சியிட்டை," என்றேன். பெயர் கேட்டார்கள். சுகிர்தா என்றேன்.

முத்திரை குத்தினார்கள். புதுப் பாஸ்போட்டில் முதல் முத்திரை.

19 ஒக்டோபர், செவ்வாய்

பெண்கள் நன்றாகப் பழகிவிட்டார்கள். மேசை எங்களுடையதை விட நீளம்.

வேலை முடிந்து சுகிர்தாவும் நானும் உலர்த்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். வந்த நாளிலிருந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை.

"அத்தான் அவசரப்பட்டு உன்னை நிப்பாட்டிப்போட்டார்," என்றேன். "ஆர் என்ன செய்தது எண்டு விசாரிக்கவே இல்லை."

அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணைக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. கடதாசியிலை உங்கடை கையெழுத்துத்தானே கிடந்தது."

நான் துணியைப் பிழிந்தேன்.

"என்னைக் கூப்பிட்டுக் காட்டினவர். சாமான் எரிஞ்ச கோவத்திலை எல்லாரும் நிக்கினம், ஆரோ ஒராள் போகத்தான் வேணும் எண்டார். உனக்குப் போக ஹொலண்ட் இருக்கு பிள்ளை, மங்களத்துக்கு இந்த மேசையை விட்டால் போக இடமில்லை எண்டார். பாவம் எண்டு சொன்னவர்."

"பாவம் எண்டோ?"

"ஓம் அக்கா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். என் மூத்தவளுக்குச் சோதனை போச்சு அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ. அவளோ ரெண்டாவது உலர்த்தியின் கதவைப் பூட்டிப் பார்த்தாள். இங்கே எல்லாக் கதவும் சரியாகப் பூட்டுகிறது.

22 ஒக்டோபர், வெள்ளி

திரும்பி வந்தேன். பையில் அவள் தந்த மோர்மிளகாய், இறைச்சி ரோல்ஸ், தயிர்ச் சட்டி எல்லாம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரும் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. ஜெயரூபனிடம் கேட்டேன்.

"இந்தப் பக்கம் வாற சாமானைச் செக் பண்ண இன்னும் தொடங்கேல்லை அக்கா. தள்ளித் தள்ளிப் போடுறாங்கள். லொறி நிறைய இறைச்சி கொண்டுவந்தாலும் கேக்க ஆளில்லை."

போவதற்குத்தான் எல்லை, வருவதற்கு இல்லை. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம் என்று நினைத்தேன். சாத்தியது அவர்கள். எங்கள் கதவு திறந்தே கிடக்கிறது.

அப்படியானால் லண்டன் கடைகளுக்கும் பிரேடாவிலிருந்தே கொண்டுவரலாம். குரொய்டனில் ஒரு மேசை எதற்கு? எனக்கு விளங்கிய கணக்கு அத்தானுக்கு எப்போதோ விளங்கியிருக்கும்.

12 நவம்பர், வெள்ளி

விளங்கியிருந்தது. மாத முடிவோடு குரொய்டனைப் பூட்டுகிறார். எல்லாருக்கும் கேக் வெட்டினார்கள். எனக்குப் பொன்னாடை.

"உம்மடை பேரிலைதானே சாமான் போகுது, மங்களம். அது நிலைக்கும்," என்றார் அத்தான். பாவம் என்ற சொல்லை அவர் முகத்தில் தேடினேன். இருந்தது.

அடுத்த தேர்தலுக்கு நிற்கப் போகிறாராம். உள்ளூர்த் தொழிலைக் காப்பது பற்றிப் பேசுவாராம்.

18 டிசம்பர், சனி

கடைக்குப் போனேன். கீழ்த்தட்டில் சிவப்பு எழுத்தில் என் பெயர், வரிசையாக. திருப்பிப் பார்த்தேன். பால் என்பது தடித்த எழுத்தில். அதற்குக் கீழே: நெதர்லாந்தில் தயாரிக்கப்பட்டது. காசு கொடுத்து ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பெடியனுக்கு என்னைத் தெரியாது.

மத்தியானம் பொரித்து, தயிர்ச்சோற்றோடு வைத்தேன். இவர் ஒன்றைக் கடித்தார். இன்னொன்றை எடுத்தார். மோர் சரியான புளிப்பு. அது என் நாக்குக்குத் தெரியும்.

"நல்லாயிருக்கு," என்றார். "ஆர் செய்தது?"

"சுகிர்தா," என்றேன்.